எங்கட ராசாவின்ர கோட்டை எங்க?

போன வருச நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து சித்தி குடும்பம் வந்து நின்றது. சித்தியின் மகளுக்குப் பதினைந்து வயது. தமிழ் நல்லா விளங்கும், கதைக்கத்தான் கொஞ்சம் தடக்கும். வந்து மூன்றாம் நாள் பின்னேரம், "அண்ணா, கோட்டை பாக்கப் போவமா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில கோட்டை எண்டால் ஒன்றுதானே. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பக்கம் போனேன்.

அகழியைக் கடந்து, குகை மாதிரி வளைந்த வாசலுக்குள்ளால் போய், மதிலில் ஏறி நின்றோம். ஒரு பக்கம் கடல்நீரேரி, பண்ணைப் பாலம். மற்றப் பக்கம் பட்டினம். நல்ல காற்று. அவள் நாலைந்து படம் எடுத்துப்போட்டுத் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணா, இது எங்கட ராசா கட்டின கோட்டைதானே?"

"இல்லையடி. போர்த்துக்கேயர் தொடங்கினது, ஒல்லாந்தர் கட்டி முடிச்சது."

"அப்ப எங்கட ராசாவின்ர கோட்டை எங்க?"

நான் கலைப்பீடத்தில் வரலாற்றை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறவன். கேள்விக்குப் பதில் தெரியும். "நல்லூரில" என்றேன். "அப்ப அங்க போவம்" என்றாள். அங்கேதான் பிடிபட்டுப் போனேன். நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எதைக் காட்டுறது? எங்கே நிறுத்தி, "இதுதான் கோட்டை" என்று சொல்லுறது? நல்லூருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அது உடன தெரியவில்லை. அதற்குப் பிறகு சில கிழமை வாசித்ததும், சைக்கிளில் சுற்றினதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பண்ணைக் கோட்டை

கடற்கரைக் கோட்டையை "இது எங்கட இல்லை" என்று சொல்லிவிட்டு இலகுவாகத் தாண்டிப் போகவும் ஏலாது. நல்லூரின் கதையில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா உடனே கடற்கரைக்கு வரவில்லை. முதலில் அரசர்களின் தலைநகரான நல்லூரிலேயே இருந்தான். 1621இல்தான் தன் ஆட்சியிடத்தை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். அங்கே எழுந்த போர்த்துக்கேயக் கோட்டை நாற்பக்கமானது. 1658இல் சில மாத முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு அதை இடித்து, ஐந்து மூலையிலும் ஐந்து கொத்தளம் வைத்து, நாங்கள் இண்டைக்குப் பார்க்கிற ஐங்கோணக் கோட்டையைக் கட்டினார்கள். கொத்தளங்களுக்குத் தங்கட நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். உள் கோட்டை 1680 அளவில் முடிந்தது. வெளி அரண்கள் முழுதாக முடியும்போது 1792. மூன்றே வருடம். 1795இல் பிரித்தானியர் வந்தபோது சண்டையே இல்லாமல் கையளித்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துக் கட்டின கோட்டை, கட்டினவர்களுக்காக ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை.

அதன் பெரிய சண்டைகள் எங்கட பெற்றோரின் காலத்தில் வந்தன. 1990இல் முற்றுகை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கோட்டை புலிகளின் கைக்கு வந்தது. 1995 கடைசியில் திரும்ப இராணுவத்திடம் போனது. 1706இல் ஒல்லாந்தர் உள்ளே கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இந்த யுத்தத்தில் அழிந்தது. இப்போது அந்த இடத்தில் கல்லுக் குவியல்தான். யுத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களின் பெரும் பகுதியைத் திருத்தியிருக்கிறார்கள்.

கோட்டைக்குள் போனால் மதிலின் கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கோ. பெரும்பாலும் முருகைக்கல். சிப்பியும் பவளத்தின் பூ மாதிரி அடையாளங்களும் தெரியும். ஆனால் இந்த மண்ணில் கிடைத்த கல்லெல்லாம் கடலில் இருந்து வந்ததில்லை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்தக் கோட்டைக்குள் இருந்துதான் கிடைத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். சோழர் காலத்துக் கல் ஒன்று ஒல்லாந்தக் கோட்டைக்குள் என்ன செய்யுது? எங்கேயோ இருந்த கட்டடம் உடைந்து, அதன் கல் இங்கே கட்டுமானத்துக்கு வந்திருக்கவேணும் என்பதுதான் எனக்குப் படுகிற விளக்கம். அண்மைக்கால அகழாய்வுகளும் இன்னொன்றைக் காட்டியிருக்கின்றன. சீனப் பீங்கான், தென்னிந்திய மட்பாண்டம் என்று கோட்டை மண்ணுக்குக் கீழே கிடைத்தவை, போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னமே அந்தக் கரையில் வணிகம் நடந்ததற்குச் சான்று.

நல்லூரில் இருந்தது என்ன?

ஆரியச்சக்கரவர்த்திகள் என்று அழைக்கப்பட்ட அரசர்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து வடக்கை ஆண்டார்கள். சிங்கையாரியன் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. முடிசூடும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். கொடியில் நந்தி. காசிலும் நந்தி, அதோடு "சேது" என்ற தமிழ்ச் சொல். சேது காசு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான்.

இவர்கள் சின்னக் குறுநில மன்னர்கள் என்று நினைத்தால் 1344இல் இங்கே வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா எழுதினதை வாசிக்கவேணும். அவர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தது யாழ்ப்பாணத்தில் இல்லை, புத்தளத்தில். அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியதாம். முன்னால் முத்துக் குவிந்து கிடந்ததாம். முத்துக்குளிப்பையும் பாக்கு நீரிணையில் ஓடும் கப்பலையும் கையில் வைத்திருந்த அரசு அது. கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைச் சொல்லுகிறது. அவ்வளவு தூரம் தெற்கே!

சிங்கைநகர் எது, நல்லூர் எப்போது தலைநகரானது என்பதில் முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் காலத்திலிருந்து விவாதம் நடக்கிறது. ஆனால் போர்த்துக்கேயர் வந்த காலத்தில் அரசன் இருந்த இடம் நல்லூர் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த நல்லூர் எப்படி இருந்தது? மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு வரைபடம் மாதிரிச் சொல்லிவைத்திருக்கிறது. நகரத்தின் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார். மேற்கே வீரமாகாளி அம்மன். தெற்கே கைலாயநாதர். வடக்கே சட்டநாதர். நாலு திசைக்கும் நாலு காவல் கோயில். நடுவில் அரண்மனை, கந்தசுவாமி கோயில், பொய்கை, சந்தை. இராச்சியம் விழுந்து நூறு வருடத்துக்கும் பிறகு எழுதின நூல் அது. சொன்னதெல்லாத்தையும் அப்படியே எடுக்கேலாது. ஆனால் நாலு கோயிலும் இண்டைக்கும் அதே பெயரில் அதே திசைகளில் இருக்கின்றன. உடைபட்டுத் திரும்பக் கட்டின கட்டடங்கள்தான். என்றாலும் இடம் மாறாத நினைவு ஒன்று இருக்கிறது.

இதை வாசித்தபோதுதான் நான் தங்கச்சிக்குச் சொல்லத் தடுமாறினதன் காரணம் விளங்கியது. "கோட்டை" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு வேறு சாமான்களைத் தேடுகிறோம். ஒல்லாந்தரின் கோட்டை கடலைப் பார்த்திருக்கிற ஒரு கட்டடம். அவர்களுக்கு உயிர் கப்பலில் இருந்தது. சாப்பாடு, வெடிமருந்து, உதவிப்படை எல்லாம் கடலால் வரவேணும். ஊர் எதிர்த்தாலும் உள்ளே இருந்துகொண்டு தாக்குப்பிடிக்கவேணும். நல்லூர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, சனத்துக்கு நடுவில் இருந்தது. அங்கேயும் அரண் இருந்தது, 1560இல் அதற்காகச் சண்டையும் நடந்தது. ஆனால் அரசனுக்கு ஊரிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் தேவைப்படவில்லை. நாலு கோயிலுக்கு உள்ளே இருந்த முழு நகரமும் அவனுடைய கோட்டை. அப்படிப்பட்ட ஒன்றை இடிப்பதும் இலகு, மறப்பதும் இலகு.

அது எப்படிப் போனது?

நல்லூர் ஒரே நாளில் விழவில்லை. முதல் பெரிய அடி போர்த்துக்கேயர் வரமுன்பே விழுந்தது. 1450 அளவில் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா, எங்கட நூல்கள் செண்பகப்பெருமாள் என்று சொல்லுகிறவன், யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஏறத்தாழ 17 வருடம் ஆண்டான். பிறகு தெற்கே போய்ப் புவனேகபாகு என்ற பெயரில் அரசனானான். அவன் போனபின் கனகசூரிய சிங்கையாரியன் திரும்பி வந்து ஆட்சியை எடுத்தான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விசயம் இருக்கு. நல்லூர் கந்தசுவாமி கோயிலில் இண்டைக்கும் கட்டியம் சொல்லும்போது ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் வரும். வைபவமாலை அவரை அரசனின் அமைச்சர் என்கிறது. வரலாற்றாசிரியர் பலர், இவர் அந்தச் செண்பகப்பெருமாளேதான் என்கிறார்கள். எது சரியானாலும், சங்கபோதி என்பது சிங்கள அரசர்கள் சூடிய பட்டம். திருவிழாவில் நிற்கிற ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் அந்தப் பெயர் ஒலிக்கிறது. எங்கட வரலாறு நாங்கள் மேடையில் பேசுறதை விடச் சிக்கலானது.

1560இல் கோவாவிலிருந்து போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா தானே கப்பற்படையோடு வந்தான். அப்போது அரசன் முதலாம் சங்கிலி. 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறிய சுமார் 600 பேரைக் கொல்லுவித்தவன் இவன்தான். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் நினைவில் வைக்கவேணும். போர்த்துக்கேயர் நல்லூருக்குள் புகுந்தார்கள். சங்கிலி கோப்பாயில் இருந்த கோட்டைக்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் தப்பினான். ஆனால் ஊர் கிளம்பியது. வந்தவர்களால் நின்றுபிடிக்க ஏலவில்லை. மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டு போனார்கள். நல்லூரில் கிடைத்ததாகச் சொல்லிப் புத்தரின் தந்தம் ஒன்றையும் கொண்டுபோனார்கள். பெகு நாட்டு அரசன் பெருந்தொகை தருவதாகக் கேட்டும் கொடுக்காமல் கோவாவில் அதை இடித்துத் தூளாக்கினார்கள். உண்மையான தந்தம் தங்களிடம் பத்திரமாக இருந்தது என்பது சிங்கள பௌத்தர்களின் நம்பிக்கை.

1591இல் அந்திரே பூர்த்தாடோ டி மென்டோன்சா படையோடு வந்தான். அரசன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் போர்த்துக்கேயரின் தயவில் அரசனானான். 1617இல் அவன் செத்தபின் ஆட்சிக்கு வந்தவன் சங்கிலி குமாரன், இரண்டாம் சங்கிலி. அரச குடும்பத்தில் போட்டியாக இருந்தவர்களைக் கொன்றுதான் வந்தான். உள்ளூரிலும் எதிர்ப்பு. தஞ்சாவூர் நாயக்கரிடம் உதவி கேட்டான். 1619 ஜூனில் ஒலிவேரா அவனைப் பிடித்தான். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

அதோடு எதிர்ப்பு நின்றுவிடவில்லை. தஞ்சை நாயக்கரின் படை திரும்பத் திரும்ப வந்தது. உள்ளூர்ச் சனமும் அதோடு சேர்ந்து எழும்பினது. அந்தக் கலகங்களின் பின்னணியில்தான் 1621இல் ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். ஆட்சியிடம் கடற்கரைக்கு மாறியதும் அதே ஆண்டு. கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் போயின என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஆக, நல்லூர் எரிந்து சாம்பலான நகரம் இல்லை. கல்லுக் கல்லாகக் கழற்றப்பட்ட நகரம். அரசு போனது, பிறகு காவல் தந்த கோயில் போனது, பிறகு நகரம் என்ற தேவையே கடற்கரைப் பக்கம் போனது.

இண்டைக்குப் போனால் பாக்கக்கூடியது

சைக்கிளில் ஒரு விடியற்காலை போதும். பத்து மணிக்குப் பிறகு வெயில் கொளுத்தும், சொல்லிப்போட்டன்.

முத்திரைச் சந்தியில் தொடங்குங்கோ. அரசர் காலத்துச் சந்தை இருந்த இடம், பொருட்களுக்கு அரச முத்திரை குத்தினதால் வந்த பெயர் என்று சொல்லுவார்கள். அங்கேதான் குதிரையில் சங்கிலியன் சிலை. 1974இல் வைத்தது, 2011இல் திருத்தி அமைத்தது. சிலையைப் பார்க்கிற கனபேர் இரண்டு சங்கிலியையும் ஒரே ஆளாக நினைக்கிறவை. 1560இல் போராடினவன் ஒருவன், 1619இல் பிடிபட்டவன் இன்னொருவன். நடுவில் ஏறத்தாழ அறுபது வருடம்.

பக்கத்தில் பரிசுத்த யாக்கோபு தேவாலயம். இடிக்கப்பட்ட கந்தசுவாமி கோயில் இருந்தது இந்த இடத்தில் என்பதே பொதுவான கருத்து. இப்போது நாங்கள் தேர் பார்க்கப் போகிற கோயில் 1734 அளவில் ஒல்லாந்தர் காலத்தில், கச்சேரியில் பதவியிலிருந்த இரகுநாத மாப்பாண முதலியாரின் முயற்சியால் குருக்கள் வளவில் எழுந்தது. தேவாலய வாசலில் நின்று பார்த்தால், ஒரு காலத்தில் இராச்சியத்தின் நடு இங்கேதான் இருந்தது என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆறுதலாக நில்லுங்கோ.

பின்பக்கம் ஒழுங்கையால் போனால் யமுனா ஏரி. ஏரி என்று சொன்னாலும் கல்லால் கட்டின பொய்கைதான். தமிழ் எழுத்து "ப" வடிவம். யமுனை நதியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினதால் வந்த பெயர் என்று வைபவமாலை சொல்லுகிறது. அரச குடும்பம் குளித்த இடம் என்பது ஊர்ப் பேச்சு. நான் பார்த்தவற்றுள் அரசர் காலத்தோடு நேரடியாகச் சேர்த்துச் சொல்லக்கூடிய கட்டுமானம் என்றால் முதலில் இதைத்தான் சொல்லுவேன். ஆனால் சங்கிலியன் சிலையடியில் படம் எடுக்கிற பத்துப் பேரில் ஒருவர்கூட இங்கே வருவதாகத் தெரியவில்லை. நான் முதல் தரம் போனபோது தண்ணீரில் பாசி, கரையில் பற்றை, இரண்டு மூன்று பிளாஸ்டிக் போத்தல். பக்கத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, காணி பாக்க வந்தனீரோ?" என்று கேட்டார். ஏரி பார்க்க வந்தேன் என்றதும் சிரித்தார்.

பருத்தித்துறை வீதியில் கொஞ்சம் போனால் சங்கிலித்தோப்பு வளைவும் மந்திரிமனையும். அரண்மனையின் வாசல், மந்திரி வாழ்ந்த மாளிகை என்று எல்லாரும் சொல்லுகிறவை. பாடசாலையில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் வளைவின் முகப்பைப் பார்த்தால் ஒல்லாந்தர் காலப் பாணி. மந்திரிமனையின் வளைவுகளும் தூண்களும் ஐரோப்பியமும் திராவிடமும் கலந்த பிற்காலக் கட்டட வேலை. அரசர் காலத்துக் காணியில் பிறகு எழுந்த கட்டடங்கள் என்று சொல்லுவதுதான் பொருத்தம். காணியின் பெயர் பழசு, கட்டடம் அவ்வளவு பழசில்லை.

இதைத் தங்கச்சிக்குச் சொன்னபோது அவளின் முகம் வாடிப்போச்சு. மந்திரிமனைதான் அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்திருந்தது. கறுத்துப்போன சுவர், மரவேலை, உள்ளே போகாதபடி நின்ற ஆபத்து. "அப்ப இது பொய்யா?" என்றாள். பொய் இல்லை, வேறு காலத்து உண்மை என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் அப்போது அதுக்கு மேல சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக நாலு காவல் கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கோ. வீரமாகாளி அம்மன், சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாயநாதர். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது கால் உழையும். அந்த உழைவுதான் பழைய தலைநகரின் அளவு. போகிற வழியில் பெயர்ப் பலகைகளையும் வாசியுங்கோ. பண்டாரக்குளம் என்று ஒரு பெயர் வரும். பண்டாரம் என்றால் பண்டாரி, திருநீறு பூசினவர் என்று நினைக்காதேங்கோ. புவிராச பண்டாரம் என்ற பெயரில் வருகிற அதே அரச பட்டம். கோப்பாய்ப் பக்கம் போனால் இராசவீதி. அரசனின் கட்டடம் போய் நானூறு வருடம். அவனுடைய சொல் இன்னும் தபால் முகவரியில் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் போங்கோ. சின்ன இடம்தான், ஆனால் கையில் எட்டுகிற தூரத்தில் பழைய சாமான்கள்.

ஏன் இதையெல்லாம் சொல்லுறன்?

இந்தக் கட்டுரையைக் கூட்டாளி ஒருவனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். "மந்திரிமனை ராசா காலத்தது இல்லை எண்டு நீயே எழுதினால், மற்றவன் சும்மா இருப்பானோ? எங்களுக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்ல மாட்டானோ?" என்று கேட்டான். பயம் நியாயமானது. யாழ்ப்பாண இராச்சியமே இருந்ததில்லை என்ற அளவுக்குக் கதைக்கிற ஆட்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு கல்லையும் இறுக்கிப் பிடிக்கத்தான் மனம் வரும்.

ஆனால் நான் மற்றப் பக்கமாக யோசிக்கிறேன். ஒல்லாந்தர் காலத்து வளைவைக் காட்டி "இது சங்கிலியின் வாசல்" என்று நாங்கள் சாதித்தால், கட்டடக்கலை தெரிந்த ஒருவர் வந்து ஐந்து நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார். அதோடு சேர்ந்து உண்மையாக எங்களிடம் இருக்கிறதும் நம்பிக்கை இழந்துபோகும். இபின் பதூதாவின் எழுத்து இருக்கு. கொட்டகமக் கல்வெட்டு இருக்கு. சேது காசு இருக்கு. நல்லூரைப் பிடித்தோம், அரசனைக் கொண்டுபோனோம் என்று போர்த்துக்கேயர் தாங்களே எழுதிவைத்த பதிவுகள் இருக்கின்றன. இல்லாத அரசைப் பிடிக்க ஏன் அறுபது வருடத்தில் மூன்று படையெடுப்பு? இவ்வளவு இருக்கும்போது ஒரு வளைவுக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நட்டமும் இருக்கு. தவறான இடத்தில் பெருமைப்படுகிறபோது சரியான இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சிலைக்கு நிறம் பூசக் காசு சேரும். யமுனா ஏரியின் பற்றையை வெட்ட ஆட்கள் சேர மாட்டார்கள். அதே நேரம், அரசர் காலத்தது இல்லை என்பதற்காக மந்திரிமனை பெறுமதி இல்லாததும் இல்லை. இராச்சியம் விழுந்த பிறகு, அந்நியரின் ஆட்சிக்குக் கீழே எங்கட மேசன்மாரும் தச்சன்மாரும் இரண்டு பாணியையும் கலந்து என்ன செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ராசா பெயர் இருந்தால்தான் காப்பாற்றுவோம் என்றால், சாதாரண சனத்தின் கைவேலை எதுவும் மிஞ்சாது.

நாங்கள் போய் வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள், 2025 செப்டெம்பரில், பெய்த மழைக்கு மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சிதான். கூடவே அவள் திருவிழா நேரம் எடுத்த படம். படத்தில் விழாத சுவர், அதற்கு முன்னால் நான், கையைக் காட்டி என்னவோ விளக்கிக்கொண்டு நிற்கிறேன். கீழே எழுதியிருந்தாள்: "ராசா கட்டேல்லை எண்டாலும் பாவம்தானே அண்ணா."

அவளுக்கு அன்றைக்கு என்னால் சொல்ல ஏலாமல் போனதை அவளே சொல்லிப்போட்டாள்.

அடுத்த கிழமை வளாகத்தில் படிக்கிற நாங்கள் ஐந்தாறு பேர் யமுனா ஏரிக்குப் போனோம். அனுமதி இல்லாமல் கல்லிலோ படியிலோ கைவைக்கக் கூடாது என்று முன்னமே கதைத்துவைத்திருந்தோம். ஒழுங்கைக் கரையில் கிடந்த போத்தல்களையும் பைகளையும் மட்டும் பொறுக்கினோம். இரண்டு உரப்பை நிறைந்தது. அந்த மாட்டுக்கார ஐயாவும் வந்து நின்று பார்த்தார். "எந்தப் பள்ளிக்கூடம், தம்பியவை?" என்று கேட்டுப்போட்டு, தான் சின்னவயதில் இதற்குள் நீந்தின கதையைச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தங்கச்சி அடுத்த முறை வரும்போது கோட்டை பார்க்கக் கேட்பாள். இந்த முறை எனக்கு வழி தெரியும். முத்திரைச் சந்தியில் தொடங்கி, நாலு கோயிலையும் சுற்றி, ஏரிக்கரையில் முடிப்பேன். பிறகு வேணுமெண்டால் பண்ணைக்கும் போவோம். அந்த மதிலுக்குள் எங்கேயாவது நல்லூரின் கல் ஒன்று இருக்கக்கூடும்.